செண்பகத் தொட்டிக்குக் கோழி எரு வேண்டாமே!

நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் வைத்த செண்பகத்துக்கும் அதையே அள்ளிப் போடுகிறோம். கொஞ்ச நாளில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிவிடுகிறது. ஏன்?

முட்டைக் கோழித் தீவனத்தில் ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புச் சத்து சேர்ப்பார்கள். எருவிலும் அது மிஞ்சும். மண் காரமானால் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. என்றும் பசுமையான செண்பகத்துக்கு லேசான அமில மண்தான் பிடிக்கும்.

என்ன செய்யலாம்?

• சுக்கான்கல் இல்லாத செம்மண் 2 பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு, இலைமக்கு 1 பங்கு கலந்துக்கோங்க.
• நார்க்கழிவை முதலில் அலசி உப்பை நீக்கிடுங்க.
• போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்க.

சந்தேகமா? கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே கேட்கலாம்.