பூனை காவல் காத்த புத்தகங்கள்



இதுவரை இந்தப் பகுதிக்குச் சமையல் குறிப்பும் கைவைத்தியமும்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதப்போவது நான் ஏமாந்த கதை. நேரடியாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டுப் பூனை மணி சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். இராமாயணம் பாட வந்த கம்பரே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைதான் நான் என்று அடக்கத்தோடு சொன்னாராம். பள்ளியில் தமிழம்மா சொல்லிக் கொடுத்தது. அவரே பூனை என்றால் எனக்கென்ன வந்தது? இனி மணி பேசட்டும்.

மியாவ்! நான்தான் மணி.

இது பூனையாச்சே, இதுக்குப் படிப்பு வாசனை ஏதுன்னு நினைக்காதீங்க. இந்த வீட்ல பேப்பரை விரிச்ச உடனே அதுமேல போய் உட்கார்றவ நான். அதுவும் எங்கம்மா எந்தப் பக்கத்தை மும்முரமாப் படிக்கிறாங்களோ, அந்தப் பக்கத்து மேல! அதனால நாட்டு நடப்பெல்லாம் எனக்கு அத்துபடி.

நான் பிறந்ததே புத்தகப் பெட்டியிலதான். அம்மாவோட மாமியாரைப் பிள்ளைங்க அப்பாயின்னு கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிடறேன். அப்பாயியோட பழைய தகரப் பெட்டியில, வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதையை எல்லாம் கிழிச்சுச் சேர்த்து, கல்யாணப் பத்திரிகையை அட்டையா வச்சுத் தைச்ச புத்தகங்கள் இருக்கு. ‘பொன்னியின் செல்வன்’கூட அப்படித்தான். அந்தக் காலத்துல புத்தகம் வாங்கக் காசு ஏது? வாரம் ஒரு தடவை வந்த கதையை இவங்க கையால புத்தகமாக்கிட்டாங்க. ஒரு வகையில பார்த்தா எங்க அப்பாயியும் ஒரு பதிப்பகம்தான்!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் மத்தியானம், ஐயா வயலுக்குப் போயிருந்த நேரம், பார்சல் வண்டியில ரெண்டு அட்டைப்பெட்டி வந்து இறங்குச்சு. அட்டைப்பெட்டியைக் கண்டா எங்க ஜாதிக்குத் தலைகால் புரியாது. உள்ளே குதிக்கலாம்னு பார்த்தா, பெட்டி நிறையப் புத்தகம்! அட்டையில எங்கம்மா பேரு! அம்மா ஒண்ணை எடுத்து மூக்குக்கிட்ட வச்சு மை வாசனை பிடிச்சாங்க. கண்ணுல தண்ணி. அப்புறம் எண்ண ஆரம்பிச்சாங்க. எண்ண எண்ண முகம் சுருங்கிப் போச்சு. 300 புத்தகம் வரவேண்டிய இடத்துல வந்தது 120.

ஆறு மாசத்துக்கு முன்னால யாரோ ஒரு பதிப்பகத்தார் செல்போன்ல பேசினாங்க. “உங்க சமையல் குறிப்பெல்லாம் பார்த்தோம்மா. புத்தகமாப் போட்டுடலாம். நூலக ஆணை வாங்கித் தர்றோம். கண்காட்சியில கடை போடறோம். 22,000 ரூபாய் மட்டும் கட்டுங்க”ன்னு தேனா ஒழுகினாங்க. அம்மா பால் காசுல சேர்த்தது, சீட்டுல எடுத்ததுன்னு யாருக்கும் சொல்லாம அனுப்பிட்டாங்க. எழுத்துல ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இப்ப போன் போட்டா எடுக்க ஆளில்லை. பெட்டியைப் பரண்மேல ஏத்தி, பழைய சாக்கைப் போட்டு மூடி வச்சாங்க. காவலுக்கு நான்!

நாலு நாள் கழிச்சு நூலகத்துல வேலை பார்க்கிற அக்கா கறிவேப்பிலை வாங்க வந்தாங்க. அம்மாவுக்கு அடக்க முடியலை. அடுப்படியில உட்கார்த்தி வச்சு எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. நான் அம்மிக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு ஒண்ணு விடாமக் கேட்டேன்.

“புத்தகத்துப் பின்னட்டையில 13 இலக்கத்துல ஒரு எண் இருக்கணும். ஐ.எஸ்.பி.என்.னு பேரு. உன் புத்தகத்துல அதையே காணோமே! மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி அதை இலவசமாத் தருது. எழுதினவங்களே விண்ணப்பிக்கலாம். அதுக்குன்னு உன்கிட்ட தனியாக் காசு கேட்டாங்களா?”

“2,000 கேட்டாங்கக்கா.”

அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. “காப்புரிமையாவது உன்கிட்ட இருக்கா?”

“பதிவு பண்ணலையேக்கா.”

“பதிவு பண்ணலைன்னாலும் எழுதினவளுக்குத்தான் உரிமை. 1957ஆம் வருஷச் சட்டம் அது. நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் இன்னொருத்தருக்குப் போகும். அப்படிக் கொடுக்கும்போது எத்தனை வருஷத்துக்குன்னு குறிக்காம விட்டா, அஞ்சு வருஷம்னு சட்டமே எடுத்துக்கும். நீ எதுலயும் கையெழுத்துப் போடாதது ஒரு விதத்துல நல்லதுதான். நூலக ஆணை கிடைக்கும்னு முன்கூட்டியே யாராலயும் உறுதி சொல்ல முடியாது. அதைச் சொன்னப்பவே நீ உஷாராகியிருக்கணும்.”

அம்மா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. அக்கா ஆறுதலாப் பேசினாங்க. எல்லாப் பதிப்பகமும் இப்படி இல்லையாம். நல்ல பதிப்பாளர்களே மூச்சுத் திணறித்தான் நிற்கிறாங்களாம். ஒரு காலத்துல ஒரு புத்தகம்னா 1,000, 1,200 பிரதி அடிப்பாங்க. இப்ப 200, 300 அடிச்சுட்டு, வித்தா மறுபடி அடிச்சுக்கலாம்னு இருக்காங்க. 2022ல காகித விலை ஏறினப்ப புத்தக விலையும் கூடிப் போச்சு. விக்கிற புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனா அச்சடிக்கிற தாளுக்குக் கட்டித்தான் ஆகணும். அந்த வரி பதிப்பாளருக்குத் திரும்பி வராது.

அந்தத் தாள்கூட நமக்குத் தூரத்து உறவுதான். புகளூர்ல இருக்கிற அரசு காகித ஆலையில கரும்புச் சக்கையிலதான் காகிதம் பண்றாங்க. சாறு பிழிஞ்ச பிறகு மிஞ்சற சக்கை, எங்கயோ ஒருத்தருக்குக் கதைப் புத்தகமா ஆகுது!

“அப்புறம் ஏன்க்கா இந்தத் தொழிலைச் செய்யறாங்க?”ன்னு அம்மா கேட்டாங்க.

“ஆசைதான். கொல்லத்துல 1578ல ‘தம்பிரான் வணக்கம்’னு 16 பக்கப் புத்தகம் தமிழ்ல அச்சாச்சு. அன்னிக்குத் தொட்ட ஆசை இன்னும் விடலை. 1977ல சென்னையில சின்னதா ஆரம்பிச்ச புத்தகக் கண்காட்சி இன்னிக்கு எவ்வளவு பெரிசாயிடுச்சு! 2023 ஜனவரி 16ல இருந்து 18 வரைக்கும் முதல் தடவையா சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடத்தி, வெளிநாட்டுப் பதிப்பாளர்களை வரவழைச்சு, தமிழ்ப் புத்தகத்தை மொழிபெயர்க்க ஒப்பந்தம் போட்டாங்க. நம்ம அரியலூர், பெரம்பலூர்லயும் புத்தகத் திருவிழா நடக்குது. உங்க மாமியார் தைச்சு வச்சிருக்காங்களே பொன்னியின் செல்வன், கல்கியோட எழுத்தெல்லாம் நாட்டுடைமை ஆயிட்டதால எந்தப் பதிப்பகம் வேணும்னாலும் அதை அச்சடிக்கலாம். 2022 செப்டம்பர்ல படம் வந்தப்ப எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் தேடி வந்தாங்க தெரியுமா?”

கிளம்பும்போது அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. உ.வே.சாமிநாதையர் சின்ன வயசுல அரியலூர்ல இருந்து படிச்சவராம். நம்ம பக்கத்துக் குன்னத்துலயும் செங்கணத்துலயும் தமிழ் கேட்டவராம். 1887ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சார். சுவடி கொடுத்தவங்க, உதவி பண்ணினவங்க பேரையெல்லாம் முன்னுரையில எழுதி நன்றி சொல்றது அவர் வழக்கமாம். “நல்ல பதிப்புக்கு அதுதான் அடையாளம்”னு சொல்லிட்டுக் கறிவேப்பிலையோட போயிட்டாங்க. அம்மா அடுப்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஏன்னு அப்ப எனக்குப் புரியலை.

ரெண்டு நாள் கழிச்சுப் புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி பரண்ல கறக் கறக்குனு சத்தம். ஒரு எலி, அம்மா புத்தகத்தோட முதுகைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. விடுவேனா? ஒரே பாய்ச்சல்! எலி தப்பிச்சுது. ஆனா பெட்டி சரிஞ்சு, புத்தகம் மொத்தமும் பொலபொலன்னு கீழே கொட்டிப் போச்சு. கொட்டினது சரியா அப்பாயி கட்டில் பக்கத்துல!

லைட்டைப் போட்டாங்க. ஐயா எழுந்து வந்தார். பேத்தி ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைச் சத்தமாப் படிச்சுது. அப்பாயி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. வரகரிசி உப்புமா, சோளப் பணியாரம், கேழ்வரகு அடை, பச்சை முந்திரிக் குழம்பு... எல்லாம் அவங்க கைப்பக்குவம். அவங்க சொல்லச் சொல்ல அம்மா எழுதினது. ஆனா அட்டையில ஒரே ஒரு பேருதான். உள்ளயும் அப்பாயி பேரு எங்கயும் இல்லை.

அப்பாயி ஒண்ணுமே பேசலை. மறுநாளும் பேசலை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஐயா, “22,000க்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாம்”னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வயலுக்குப் போயிட்டார். அம்மாவுக்குக் காசு போன வருத்தத்தைவிட அந்த மௌனம்தான் பெரிசா இருந்துச்சு. எனக்குப் பால் ஊத்தக்கூட மறந்துட்டாங்கன்னாப் பாருங்க!

மூணாம் நாள் காலையில அப்பாயியே வாயைத் திறந்தாங்க.

“பேரு கிடக்குது வுடு. முந்திரிக் குழம்புல ஒரு தப்பு இருக்கு. பச்சைக் கொட்டையைப் பிளக்கறதுக்கு முன்னாடி கையில நல்லா எண்ணெய் தடவிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எழுதலையே நீ? அந்தப் பால் பட்டாப் படிக்கிற பொண்ணு கை வெந்துல்ல போயிடும்?”

அம்மா ஓடிப்போய் அவங்க காலடியில உட்கார்ந்துட்டாங்க. “மன்னிச்சிடுங்க அத்தை. உங்க பேரைப் போடணும்னு எனக்குத் தோணவே இல்லை. அதுதான் பெரிய தப்பு.”

“நான் என்ன படிச்சவளா, என் பேரைப் போட?”ன்னாங்க அப்பாயி. ஆனா குரல் கொஞ்சம் இளகியிருந்துச்சு.

அன்னிக்கே பெரிய வேலை ஆரம்பிச்சுது. பேத்தி ஒரு தாள்ல அழகா எழுதினா: ‘இதிலுள்ள பக்குவங்கள் எல்லாம் என் மாமியார் சொன்னவை.’ கீழே அப்பாயி பேரு. அதுக்கும் கீழே முந்திரிக் குழம்புக்கான திருத்தம். அதை ஜெராக்ஸ் எடுத்து, மைதாப் பசை காய்ச்சி, எலி கடிச்சது போக மிச்சம் இருந்த 117 புத்தகத்துலயும் முதல் பக்கத்துல ஒட்டினாங்க. நானும் பசையில கால் வச்சு ரெண்டு புத்தகத்துல என் கையெழுத்தைப் போட்டுட்டேன்!

சாயங்காலம் வந்த ஐயா ஒண்ணை எடுத்துப் புரட்டிப் பார்த்துட்டு, “அம்மா பேரு அச்சுல... இல்லை, ஜெராக்ஸ்ல நல்லாத்தான் இருக்கு”ன்னார். சிரிப்பு வந்துடுச்சு எல்லாருக்கும்.

அடுத்த மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில தேங்காயோட இந்தப் புத்தகத்தையும் போடலாம்னு அப்பாயிதான் யோசனை சொன்னாங்க. பிரதி 50 ரூபாய்னு 60 போச்சு. மகளிர் குழுவுல 25 போச்சு. நூலகத்து அக்காவுக்கு ஒண்ணு அன்பளிப்பு. மொத்தம் 4,250 ரூபாய்தான் திரும்பி வந்துச்சு. மிச்சம் 31 புத்தகம் பரண்ல இருக்கு. இப்ப சாக்கு போட்டு மூடலை. காலியான ஒரு அட்டைப்பெட்டி எனக்கு வீடாகிடுச்சு. மியாவ்!

மணி சொல்லி முடித்துவிட்டாள் சகோதரிகளே. இனி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்.

உங்களில் கதை, கவிதை, கோலம், சமையல் என்று எழுதி வைத்திருப்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அச்சில் பார்க்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், எத்தனை பிரதி, என்ன தாள், எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். அவர்கள் முன்பு போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதை எழுதியவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். முக்கியமாக, வீட்டில் மறைக்காதீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் நேரில் போய் விசாரித்திருப்பார்.

இன்னொன்று. நம் ஊர் நூலகத்தை மறந்துவிடாதீர்கள். நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நம் காசில் நடக்கும் இடத்துக்கு நாம் போகாவிட்டால் எப்படி? நான் முன்னாடியே அங்கே போய்க் கேட்டிருந்தால் 22,000 மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, எழுதுவது நாமாக இருந்தாலும், சொல்லிக் கொடுத்தவர் என்று ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அவர் பேரை முதல் பக்கத்தில் போடுங்கள். எனக்கு அதை ஒரு பூனை தள்ளிவிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

இந்தக் கடிதத்தை என் அத்தைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். “என்னைப் பத்தி எழுதினது சரி. பூனைக்குப் போயி இவ்வளவு இடமா?” என்கிறார்!

- ஒரு வாசகி, விக்கிரமங்கலம்.