கம்பம் பள்ளத்தாக்கில் சமையல் எரிவாயுச் சேமிப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் சமையல் எரிவாயுச் சேமிப்பு என்பது, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள வீடுகளிலும் அதனையொட்டிய மலைத்தோட்டக் குடியிருப்புகளிலும் நீர்மப் பெட்ரோலிய வாயு உருளைகளை நெடுநாள் இருப்பில் வைத்திருத்தலையும், அவ்வாறு வைக்கப்படும் வாயு, உருளை, இணைப்புக் கருவிகள் ஆகியவற்றின் ஆயுட்காலத்தையும் குறிக்கும். புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையான இவ்வாயு, மூடிய உருளைக்குள் கெட்டுப்போவதில்லை. அதற்குக் காலாவதி நாள் கிடையாது. ஆனால் அதனை அடைத்து வைத்திருக்கும் எஃகு உருளை, வால்வு, இரப்பர் வளையம், இரப்பர்க் குழாய் ஆகிய அனைத்திற்கும் காலவரம்பு உண்டு. உருளையின் மேல் எழுதப்பட்டிருக்கும் எழுத்தையும் எண்ணையும் வாயுவின் காலாவதி நாளாகக் கருதுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

பின்னணி

தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சமவெளியில் அமைந்துள்ளன. இவ்வூர்களைச் சேர்ந்த பல குடும்பங்களுக்கு மலைக்கு அப்பால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் உள்ளன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகள் வழியாகத் தோட்ட உரிமையாளர்களும் தொழிலாளர்களும் சென்று வருகின்றனர். ஏலக்காய் அறுவடைக் காலம் முடிந்தபின் தோட்ட வீடுகள் சில பூட்டியே கிடக்கும். அங்குள்ள எரிவாயு உருளைகளும் பாதி தீர்ந்த நிலையில் மாதக் கணக்கில் பயன்பாடின்றி இருக்கும்.

சமவெளி வீடுகளிலும் இந்நிலை உண்டு. தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் 2007 இலும், நடுவண் அரசின் உச்வலா திட்டம் 2016 இலும் தொடங்கப்பட்ட பின்னர் எரிவாயு இணைப்பு ஊர்ப்புறங்களிலும் பரவியது. விறகையும் சேர்த்துப் பயன்படுத்தும் வீடுகளில் ஓர் உருளை பல மாதங்களுக்கு வரும். இரண்டு உருளை இணைப்பு உள்ள வீடுகளில் இரண்டாவது உருளை முத்திரை பிரிக்கப்படாமல் காத்திருக்கும். இவ்வாறு நெடுநாள் இருந்த உருளையைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இச்சூழலில் எழுகிறது.

வாயு கெடாமைக்கான காரணம்

பெட்ரோலைப் பல மாதங்கள் வைத்திருந்தால் அதன் எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெளியேறுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து பிசின் போன்ற படிவை உண்டாக்குகிறது. டீசலில் நீர் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. சமையல் எரிவாயுவில் இவை நிகழ்வதில்லை. புரொப்பேனும் பியூட்டேனும் வேதியியல் நிலைப்புத்தன்மை மிக்க ஐதரோகார்பன்கள். உருளைக்குள் எப்போதும் வெளிக்காற்றைவிட அழுத்தம் மிகுந்திருப்பதால் காற்றோ ஈரமோ உள்ளே புகுவதில்லை.

உருளைக்குள் வாயு நீர்ம நிலையில் உள்ளது. நீர்மம் சிறிதளவேனும் எஞ்சியிருக்கும் வரை, உள்ளழுத்தத்தை வாயுவின் அளவோ வயதோ தீர்மானிப்பதில்லை. வெப்பநிலையும் கலவை விகிதமுமே தீர்மானிக்கின்றன. ஆகவே கசிவில்லாத உருளை பல ஆண்டுகளுக்குப் பின்னும் எரியும் திறனை இழக்காது. பெருமளவில் இவ்வாயுவைச் சேமிப்பதற்கும் இப்பண்பே அடிப்படையாகும். விசாகப்பட்டினத்தில் நிலத்தடிப் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டுள்ள சேமிப்பகம் சுமார் 60,000 டன் கொள்ளளவு உடையது.

உருளையின் சோதனை நாள்

உருளையின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் செங்குத்துப் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஏ, பி, சி, டி ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்றும், ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச்சு, பி என்பது சூன், சி என்பது செப்டம்பர், டி என்பது திசம்பர் மாத முடிவைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, பி-28 என்றிருந்தால் அவ்வுருளை 2028 சூன் மாத முடிவுக்குள் மறுசோதனை செய்யப்பட வேண்டும் என்பது பொருள்.

புதிய உருளைக்கு முதற் சோதனை 10 ஆண்டுகளிலும், அடுத்தடுத்த சோதனைகள் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் நடத்தப்படுகின்றன. சோதனையில் உருளையின் துரு, நசுங்கல் முதலியவை ஆராயப்படும். பின்னர் நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கப்படும். சோதனை நாள் கடந்த உருளையில் மீண்டும் வாயு நிரப்பக்கூடாது என்பது விதி.

அந்த நாளன்று உள்ளிருக்கும் வாயு கெட்டுவிடுவதில்லை. அதன்பின் எஃகின் உறுதிக்குச் சான்று இல்லை என்பதே அதன் பொருள். எனவே உருளையைப் பெறும்போதே இக்குறியீட்டைப் பார்த்து, நாள் கடந்ததாயின் மறுத்துவிடுதல் வேண்டும். நெடுநாள் இருப்பில் வைக்க வேண்டிய உருளையெனில், சோதனை நாள் தொலைவிலுள்ள உருளையைக் கேட்டுப் பெறுவது நல்லது. வீட்டில் இருக்கும்போது நாள் கடந்துவிட்டால் முகவரிடம் தெரிவித்து மாற்றிக்கொள்ளலாம். உருளை எண்ணெய் நிறுவனத்தின் உடைமையே; நுகர்வோர் அதற்கு வைப்புத்தொகை மட்டுமே செலுத்தியுள்ளார்.

விரைவில் பழுதடையும் பகுதிகள்

எஃகு உருளையைக் காட்டிலும் இரப்பர்ப் பகுதிகள் விரைவில் மூப்படைகின்றன. அடுப்புக்கும் ரெகுலேட்டருக்கும் இடையிலுள்ள இரப்பர்க் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பயன்படுத்தாமல் இருப்பதால் குழாயின் ஆயுள் கூடுவதில்லை. பூட்டிய வீட்டில் குழாய் வறண்டு வெடிப்பு விடலாம். எலி கடிக்கவும் கூடும். வால்வின் உட்புறத்திலுள்ள இரப்பர் வளையம் மக்கள் வழக்கில் வாசர் எனப்படுகிறது. இது இறுகினாலோ கிழிந்தாலோ ரெகுலேட்டரைப் பொருத்தியவுடன் கசிவு ஏற்படும்.

மணம் குறைதல்

சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. கசிவை உணர்வதற்காக எதைல் மெர்காப்டன் என்னும் கடுநாற்றமுடைய சேர்மம் மிகச் சிறிய அளவில் கலக்கப்படுகிறது. இது பியூட்டேனைவிட மெதுவாக ஆவியாவதால் கடைசி நீர்மத்தில் மிகுதியாகத் தங்குகிறது. உருளை தீரும் நேரத்தில் வாடை கூடுவதாக இல்லத்தரசிகள் கூறுவதற்கு இதுவே காரணம்.

உருளையின் உட்சுவரில் துரு இருந்தால் இச்சேர்மம் அதனுடன் வினைபுரிந்து நாற்றம் குறையக்கூடும். வால்வு திறந்த நிலையில் வெறுமையாகக் கிடந்து, காற்றும் ஈரமும் புகுந்த உருளைகளில் இவ்வாய்ப்பு அதிகம். நெடுநாள் சேமிப்பில் உண்மையாகவே நலிவடையக்கூடிய பொருள் இந்த மணமூட்டி மட்டுமே. ஆகவே பழைய இருப்பைப் பொறுத்தவரை, வாடை இல்லை என்பதைக் கொண்டே கசிவில்லை என்று முடிவு செய்யலாகாது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

வெப்பமும் குளிரும்

தேனிச் சமவெளியில் கோடை வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 40 பாகையில் இவ்வாயுவின் ஆவியழுத்தம் 1,050 கிலோபாசுக்கலுக்கு மேற்படலாகாது. உருளைகள் இதைப்போல் இரு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன. நீர்மம் விரிவடைவதற்கென உருளையில் வெற்றிடமும் விடப்படுகிறது, 33.3 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 14.2 கிலோகிராம் வாயுவே நிரப்பப்படுகிறது. எனவே நிழலில் உள்ள உருளைக்குக் கோடையால் தீங்கில்லை. நேரடி வெயிலும் அடுப்பின் அனலும் தவிர்க்கப்பட வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலை போன்ற இடங்களில் சிக்கல் வேறானது. புரொப்பேனின் கொதிநிலை -42 பாகை. பியூட்டேனின் கொதிநிலை ஏறத்தாழ 0 பாகை. பயன்படுத்தும்போது புரொப்பேன் முதலில் மிகுதியாக ஆவியாகி, பியூட்டேன் பின்தங்குகிறது. இதனால் பாதி தீர்ந்த உருளை குளிர்கால விடியலில் சுடரைச் சரிவரத் தராது. வாயு கெட்டுவிட்டது எனக் கருதி உருளையைப் படுக்க வைப்பதும், தீயில் வாட்டுவதும், கொதிநீர் ஊற்றுவதும் பெரும் விபத்துக்கு இட்டுச் செல்லும். படுக்க வைத்தால் வாயுவுக்கு மாறாக நீர்மமே வெளியேறும். அது ஆவியாகிச் சுமார் 250 மடங்கு விரியும். வெயில் ஏறியதும் சுடர் தானாகச் சீரடைவதே இயல்பு.

இருப்பு வைக்கும் முறை

- உருளையை எப்போதும் நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள, தரைமட்டத்துக்குக் கீழல்லாத இடத்தில் வைக்க வேண்டும். இவ்வாயு காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளங்களில் தேங்கும்.
- பயன்படுத்தாத உருளையின் வால்வில் பாதுகாப்பு மூடியைப் பொருத்தியிருக்க வேண்டும்.
- குமுளி, போடிமெட்டுப் பகுதிகளின் சாரல் காலத்தில் உருளையின் அடிவளையம் துருப்பிடிக்கும். ஈரத் தரையில் வைக்காமல் உலர்ந்த மேடையில் வைப்பது நன்று.
- திராட்சைத் தோட்டங்களில் பயன்படும் மயில்துத்தம் ஈரத்தில் எஃகை அரிக்கும் தன்மையுடையது. அதனை உருளையுடன் ஒரே அறையில் வைக்கலாகாது.
- உருளையின் வெற்று எடை அதன்மேல் குறிக்கப்பட்டிருக்கும். முத்திரை பிரிக்காத வீட்டு உருளையின் எடை அதனினும் 14.2 கிலோகிராம் கூடுதலாக இருக்க வேண்டும். சேமிப்பின்போது எடை குறைந்தால் கசிவு உள்ளது எனக் கொள்ளலாம்.
- வாயு உருளை விதிகளின்படி மொத்தம் 100 கிலோகிராமுக்கு மேல் இருப்பு வைக்க உரிமம் தேவை.

பூட்டிய வீட்டைத் திறக்கும்போது

நெடுநாள் பூட்டியிருந்த வீட்டினுள் நுழைந்தவுடன் மின்விளக்கைப் போடுதல் கூடாது. காற்றில் சுமார் 2 விழுக்காடு வாயு கலந்திருந்தாலே மின்பொறியால் தீப்பற்றும். முதலில் கதவு, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும். பின்னர் குழாயின் நாளையும் வாசரையும் பார்த்து, சோப்பு நீர்ச் சோதனைக்குப் பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வாடை இருந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, உருளையைத் திறந்த வெளிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வீட்டுக்கு வெளியே வந்தபின் 1906 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்கலாம். வீட்டைப் பூட்டிச் செல்லும் நாளிலேயே ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் பொருத்திவிட்டால், திரும்பி வரும்போது இந்த இடர் பெரும்பாலும் நேராது.