லேத் தானா ஓடும், நாம தூங்கலாமா? 3 லட்சம் லோன் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



போன வாரம் ஒரு தம்பி மெயில் பண்ணியிருந்தார். ஓசூர்ல வேலை, வீடு கோயம்புத்தூர். "அண்ணா, 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்து ஒரு பெஞ்ச் லேத் வாங்கி, அதை ஆட்டோமேட்டிக்கா மாத்தி வீட்ல வெச்சா ஆளே இல்லாம பார்ட்ஸ் போடும். அப்பா ரிடையர் ஆகி வீட்லதான் இருக்கார், பார்த்துப்பார். செய்யலாமா?"

நல்ல கேள்வி. ஆர்வத்துக்கு அணை போட வேண்டாம், கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்.

ஆட்டோமேட்டிக் ஆக்கறதுன்னா என்ன?

சாதா லேத்துல ஹேண்டிலைச் சுத்தறது நாம. அதுக்குப் பதிலா ஸ்டெப்பர் மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் போட்டு, ஒரு கன்ட்ரோலர் சொல்ற மாதிரி டூல் நகர வெச்சா அது சி.என்.சி. ஆனா இதோட ஆள் வேலை போயிடாது. ஒரு பீஸ் முடிஞ்சதும் ராடை அடுத்த பீஸுக்கு முன்னாடி இழுக்கணுமே! அதுக்குக் காத்துல திறந்து மூடற காலெட், ராடைப் பிடிச்சு இழுக்கற பார் புல்லர், வரிசையா நிக்கற மூணு நாலு டூல் வேணும். பலர் மெஷின் விலையை மட்டும் பார்த்துட்டு இந்தச் செலவை மறந்துடறாங்க.

இது புது ஐடியாவும் இல்ல. அமெரிக்காவுல கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1873-லேயே கேம் வெச்சு தானா ஓடற லேத்துக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். நம்ம ஊர் பட்டறைகள்ல ஓடற ட்ராப் மெஷின் அதே வம்சம்தான். சிம்பிளான பித்தளை பீஸை அது சில செகண்டுல தள்ளிடும். உங்க போட்டி அதோட!

ஒரு ராடு = ஒரு மணி நேரம்

முக்கியமான இடம் இதுதான். 20 மி.மீ. நீளப் பீஸ், வெட்டற டூலுக்கு 3 மி.மீ., ஆக ஒரு பீஸுக்கு 23 மி.மீ. 1 மீட்டர் ராடுல பிடிமானத்துக்கு 60 மி.மீ. வீணாப் போகும். மீதி 940-ஐ 23-ஆல வகுத்தா 40 பீஸ். பீஸுக்கு 90 செகண்டுன்னா சரியா 60 நிமிஷம்.

அதாவது, ராத்திரி பத்து மணிக்கு ஆன் பண்ணிட்டுத் தூங்கினா, பதினொரு மணிக்கு மெஷினும் தூங்கிடும்! நீளமான ராடு போடலாமேன்னு தோணும். சின்ன லேத்தோட பின்பக்கம் நீட்டிட்டு இருக்கற ராடு வேகத்துல சாட்டை மாதிரி அடிக்கும். குழாய் போட்டுத் தாங்கணும். ராடு ராடா தானே ஏத்தற பார் ஃபீடர் இருக்கு, ஆனா அதுக்குத் தனி பட்ஜெட்.

இப்ப பணத்துக்கு வருவோம்

ராடு ஆர்டர் கொடுக்கறவரோடது, பீஸுக்குக் கூலி 3 ரூபாய்னு வெச்சுக்குவோம். இது உதாரணம்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க.

- தினம் 4 ராடு, 25 நாள்: 4,000 பீஸ் = ரூ.12,000
- 5% ரிஜெக்ட்: ரூ.600
- கரன்ட், மணிக்கு 1 யூனிட், யூனிட் ரூ.10: ரூ.1,000
- டூல், ஆயில்: ரூ.1,500
- கையில நிக்கறது: ரூ.8,900

3 லட்சத்துக்கு 12% வட்டி, 36 மாசம்னா இ.எம்.ஐ. ரூ.9,964. மாசம் ஆயிரத்துச் சொச்சம் உங்க சம்பளத்துல இருந்து போகும். அதுவும் ஒரு மாசம் கூட ஆர்டர் நிக்காம, பணம் லேட் ஆகாம இருந்தா!

கணக்குல வராத ஒருத்தர்

தம்பி, "ஆளே இல்லாம"ன்னு எழுதியிருந்தீங்க. ஆள் இருக்கார். மணிக்கு ஒரு ராடு ஏத்தறது, சுருள் சிக்கினா எடுக்கறது, பத்து பீஸுக்கு ஒண்ணை அளந்து பார்க்கறது எல்லாம் அப்பாதான். மாசம் 100 மணி நேரம். அவருக்கு நீங்க ஒரு ரூபாய் கூட எழுதல.

டூல் முனை உடைஞ்சாலும் மெஷினுக்குத் தெரியாது, அடுத்தடுத்த பீஸெல்லாம் கெட்டுப் போகும். நீளச் சுருள் ஓடற ராடுல சுத்திக்கும். எண்ணெயும் சூடும் சேர்ந்தா தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால வீட்ல யாரும் இல்லாதப்ப ஓட்டவே கூடாது. கையுறை போட்டுக்கிட்டு ஓடற லேத் பக்கம் போகக் கூடாதுன்னு அவர்கிட்டயும் சொல்லிடுங்க.

அப்ப செய்யவே கூடாதா?

செய்யலாம். வரிசையை மாத்துங்க.

1. முதல்ல ஆர்டர், அப்புறம் மெஷின். ஒரு டிராயிங் வாங்கி, பக்கத்துப் பட்டறையில 200 பீஸ் கடைஞ்சு கொடுத்துப் பாருங்க. உண்மையான ரேட்டும் ரிஜெக்ட்டும் தெரிஞ்சுடும்.
2. ட்ராப்போட மோதாதீங்க. 50, 200 பீஸ்னு வர்ற சின்ன ஆர்டர், கொஞ்சம் சிக்கலான பீஸ், இதுக்குத்தான் சி.என்.சி. சரி. 3 ரூபாய் 6 ஆனா கணக்கே மாறிடும்.
3. சுருள் உடைஞ்சு விழற பித்தளை, ஃப்ரீ கட்டிங் ஸ்டீல்ல ஆரம்பிங்க.
4. லோன் வேண்டாம். அதே ரூ.9,964-ஐ ஆர்.டி.ல போட்டா இரண்டரை வருஷத்துக்குள்ள 3 லட்சம் கையில. லோன்ல வட்டியாப் போற சுமார் ரூ.58,700 மிச்சம். ஆறு மாச எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவே தொடாதீங்க.
5. ஆபீஸ் அக்ரிமென்ட்ல வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு படிங்க. வீட்டுக் கரன்ட் இணைப்புல தொழில் பண்ணக் கூடாது, அதுக்குத் தனி டாரிஃப்.
6. உத்யம் பதிவு இலவசம். பண்ணிட்டா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும்னு சட்டம் உங்க பக்கம்.

கடைசியா ஒண்ணு. இந்த வார லீவுல ஊருக்குப் போறப்ப, பேங்க்குக்குப் போறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட உட்கார்ந்து கேளுங்க: "தினம் நாலு மணி நேரம் இது கூட இருக்க உங்களுக்கு இஷ்டமாப்பா?" அவர் சந்தோஷமா "சரி"ன்னு சொன்னா, அவருக்கும் ஒரு சம்பளம் எழுதி இந்தக் கணக்கை மறுபடி போடுங்க. அப்பவும் பிளஸ்ல வந்தா, தாராளமா இறங்குங்க.

இதே கணக்கை அடுத்த வீடியோல பார் ஃபீடரோட போட்டுப் பார்ப்போம். அதுவரைக்கும் கணக்கு பத்திரம், காசு பத்திரம்!