உங்களுக்குத் தெரியுமா? ஆஷ் மரத்தைக் கொல்லும் பூஞ்சை
கிரிக்கெட் ஸ்டம்புகள் பெரும்பாலும் ஆஷ் மரத்தில் கடையப்படுபவை. 1990-களின் தொடக்கத்தில் போலந்துக் காடுகளில் இந்த மரம் உச்சிக்கிளையிலிருந்து பட்டுப்போகத் தொடங்கியது. உறைபனி, வறட்சி என்று பழி எங்கெங்கோ விழுந்தது. போலந்து ஆய்வாளர் ததேயுஷ் கோவால்ஸ்கி 2006-ல்தான் காரணம் ஒரு பூஞ்சை என்று விவரித்தார்.

அதிலும் ஓர் ஆள்மாறாட்டம். ஆஷ் சருகைத் தின்று ஐரோப்பாவில் காலங்காலமாக வாழும் சாதுப் பூஞ்சைதான் இது என்று முதலில் நினைத்தார்கள். டி.என்.ஏ. சோதனையில் குட்டு உடைந்தது: தோற்றம் அச்சு அசலாக அதே, இனம் வேறு. கிழக்காசியாவிலிருந்து வந்த இது, அங்கே மஞ்சூரிய ஆஷ் இலைகளில் பெரிய சேதமின்றிக் காலம் தள்ளுகிறது! இன்றைய பெயர் ஹைமினோசைஃபஸ் ஃபிராக்சினியஸ்.

கண்டுபிடிப்பது எப்படி? செத்த பக்கக்கிளை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிப் பட்டை நிறம் மாறி, வைர வடிவில் மேலும் கீழும் நீண்டிருக்கும். கோடையில் தரையையும் கிளறவேண்டும். போன ஆண்டு உதிர்ந்து கறுத்த இலைக்காம்புகள் மேல், சில மில்லிமீட்டரே அகலமுள்ள வெள்ளைக் காளான்கள் முளைத்திருக்கும். காற்றில் வித்துகளைத் தூவுபவை இவைதான்.

மே மாதத்தில் மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஆஷ் இயல்பாகவே தாமதமாகத் துளிர்க்கும். ஜூலை, ஆகஸ்டில் பார்ப்பதே சரி.