படிக்கட்டில் இறங்கிய கார்!

கருவி காட்டும் வழியா? நாமே வகுத்த வழியா?

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி, நடுவில் சிக்கி நின்றது!

காரில் வந்தவர்கள் கர்நாடகத்தைச் சேர்ந்த சுற்றுலாப் பயணிகள். கைப்பேசியில் தெரிந்த வரைபடத்தை நம்பி ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். "இதுதான் விரைவான வழி" என்று அது காட்டியது. அந்த வழி வீடுகளுக்கு நடுவே போய், படிக்கட்டில் முடிந்தது. அக்கம் பக்கத்தாரும் போலீசாரும் உதவி செய்து, காரைச் சாலைக்குக் கொண்டு வந்தார்கள்.

வரைபடத்துக்குக் கோடு தெரியும். அந்தக் கோடு தார் ரோடா, படிக்கட்டா என்பது சில சமயம் தெரியாது. ஆகவே மலைக்குப் போகிறவர்கள், புறப்படும் முன்பே தங்கள் வழியைத் தாங்களே வகுத்துக் கொள்வது நல்லது. ஜி.பி.எஸ். கைக்கருவியில் அதற்கு வசதி இருக்கிறது.

வானத்துக் கடிகாரங்கள்

இது உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஆனால் அதற்கு வழி சொல்கிறவர்கள் வானத்தில் இருக்கிறார்கள்! பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் இந்த ஏற்பாடு முழுமை அடைந்தது.

ஒவ்வொரு கோளிலும் மிகத் துல்லியமான கடிகாரம் உண்டு. தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் அது ஓயாமல் அறிவிக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு, கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. 4 கோள்களின் செய்தி கிடைத்தால், நாம் நிற்கும் இடம் சில மீட்டர் வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு டெலிபோன் கோபுரம் தேவையில்லை. வரைபடத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்தால், கைப்பேசி எடுக்காத காட்டிலும் வேலை செய்யும்.

வழி வகுப்பது எப்படி?

உதகையிலிருந்து மசினகுடிக்குப் போக வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கல்லட்டி வழி. தூரம் குறைவு, ஆனால் செங்குத்தான இறக்கம். 36 கொண்டை ஊசி வளைவுகள்! பழக்கமில்லாதவர்கள் பலர் அங்கே விபத்தில் சிக்கியிருக்கிறார்கள். மற்றொன்று கூடலூரைச் சுற்றிப் போகும் வழி. தூரம் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், பாதை சாந்தமானது.

கருவியிடம் "மசினகுடி" என்று மட்டும் சொன்னால், அது கல்லட்டியையே காட்டக்கூடும். கூடலூரில் ஒரு புள்ளி வைத்து, "இதன் வழியாகப் போ" என்று சொல்லிவிட்டால் போதும். பூக்களை நூலில் கோப்பது போல, வேண்டிய ஊர்களை வரிசையாகக் கோப்பதுதான் வழி வகுப்பது.

புள்ளி வைப்பதிலும் கவனம் வேண்டும். பாதை பிரியும் இடத்தைத் தாண்டி, நாம் போக விரும்பும் சாலையின் மேலேயே வைக்க வேண்டும். தவறிப் பக்கத்துச் சந்தில் வைத்தால், கருவி நம்மைச் சந்துக்குள் இழுத்துப் போகும். நடுவில் சுவர் வைத்துப் பிரித்த நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டால், "திரும்பி வா" என்று கூப்பிடும்!

ஏமாறும் இடம்

வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்த வழி ஒன்று; சாலையில் கருவி காட்டும் வழி வேறொன்று. பலருக்கு இந்த அனுபவம் உண்டு. காரணம் என்ன? புள்ளிகள் மட்டுமே நம்முடையவை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பாதையைக் கருவி தானாகக் கணக்குப் போடுகிறது. குறைந்த தூரமா, குறைந்த நேரமா, காரா, நடையா என்ற அமைப்பு மாறினால் பாதையும் மாறிவிடும். நடை என்று வைத்துவிட்டுக் காரை ஓட்டினால், படிக்கட்டும் அதற்குப் பாதைதான்!

பரிகாரம் இரண்டு. புள்ளிகளை நெருக்கமாக வைக்கலாம். அல்லது முழுப் பாதையையும் "தடம்" என்ற கோடாக ஏற்றலாம். தடத்தைக் கருவி மாற்றாது. கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டியது நம் பொறுப்பு.

கருவி அறியாத விஷயம்

பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகத்தில் உள்ள இந்தச் சாலையில், சென்னை ஐகோர்ட் உத்தரவின் பேரில் 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீசார் திருப்பி விடுவது வழக்கம். நீலகிரிக்கு இ-பாஸ் முறை 2024 மே 7-இல் வந்தது.

இவற்றை எல்லாம் வானத்துக் கோள் சொல்லாது. போகிறவர்தான் விசாரித்து வைக்க வேண்டும். போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி என்று இரண்டாக வகுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

"வாயில் இருக்கிறது வழி" என்பது பழமொழி. கருவி கையில் இருந்தாலும், மலை அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, இந்த ரோட்டுல கார் போகுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். காப்பது ஒரு குடும்பத்தின் உயிர்!