ஆற்றோரம் – 11: மதியம் இரண்டு மணிக்கு மேல் தூண்டில் இல்லை

மேடிசன் ஆறு யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் பிறக்கிறது. ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்திலிருந்து அதற்கு அந்தப் பெயர். ஃபயர்ஹோல் வெந்நீர் ஊற்றுகளின் நடுவே ஓடிவருவதால் கோடையில் அதன் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். மேடிசன் அங்கிருந்து மேற்கே வந்து, வடக்கே திரும்பி, மான்டானா மாநிலத்தின் த்ரீ ஃபோர்க்ஸ் ஊர்ப்பக்கம் ஜெஃபர்சன், கல்லட்டின் ஆறுகளோடு கலந்து மிசௌரி ஆகிவிடுகிறது. நடுவில் க்வேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 இரவு வந்த நிலநடுக்கத்தில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து ஆற்றை அடைத்ததால் உண்டானது. அந்த இரவில் 28 பேர் மாண்டார்கள். அன்று மூழ்கிய மரங்கள் பட்டுப்போய் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. அதற்குக் கீழே என்னிஸ் ஊர்வரை ஆறு கற்களின் மேல் சலசலத்துக்கொண்டே ஓடுகிறது. ட்ரவுட் மீனுக்கு அதைவிட நல்ல இடம் அமைவது அரிது. ஆகஸ்ட் தொடக்கத்தில் கல்லூரித் தோழனுடன் அங்கே போயிருந்தேன்.

அவன் போஸ்மன் நகரில் வெகுகாலமாக இருக்கிறான். இருட்டோடு கிளம்பவைத்தான். கோடையில் வெயில் ஏறுமுன் ஆற்றில் இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கறார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கரைக்கு வந்ததும் கோலைத் தொடவே விடவில்லை.

“முதல்ல ஒரு கல்லைப் புரட்டிப் பாருடா. இங்க மீன் என்ன சாப்பிடுதுன்னு அதுதான் சொல்லும்.”

முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையிலும் கொள்ளும்படியான ஒரு கல்லைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழல்கள் ஒட்டியிருந்தன. காடிஸ் பூச்சியின் புழு தன் வாயருகே சுரக்கும் பட்டிழையால் மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டிக் கட்டிக்கொண்ட கூடு. கண்ணருகே கொண்டுபோனால் ஒவ்வொரு மணியும் சந்து இல்லாமல் பொருந்தியிருப்பது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்ததும் ஒரு குழலின் வாயிலிருந்து கருத்த தலையும் கால்களும் மெல்ல வெளியே வந்தன. பார்த்து முடித்ததும், கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழே இருக்கும்படி வைக்கச் சொன்னான். இந்தப் புழு கூட்டுப்புழுவாகி, நீர்மட்டத்துக்கு நீந்தி வந்து, தோலுரித்துப் பறந்துவிடும். நம் ஊரில் மழை விட்டதும் ஈசல் கிளம்புகிற மாதிரி சில மாலைகளில் ஆற்றின் மேல் மொய்த்துக் கிடக்கும். மீன்களுக்கு அன்று விருந்துதான்.

இந்தத் தூண்டிலில் மண்புழு கிடையாது. முள்ளின் மேல் மயிரும் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி உருவம் கட்டியிருப்பார்கள். நண்பன் என் நூலில் முடிந்துவிட்டது எல்க் ஹேர் காடிஸ். அல் ட்ரோத் என்பவர் 1957-ல் பென்சில்வேனியாவில் இருந்தபோது உருவாக்கியது. பின்னாளில் அவரும் மான்டானாவுக்கே குடிவந்துவிட்டார். இறக்கைக்கு எல்க் மானின் உடல்மயிர். மயிருக்குள் காற்றறைகள் உண்டு என்பதால் சலசலப்பான தண்ணீரிலும் முங்குவதில்லை. பூச்சிக்கு எடை கிடையாது, வீசும் நூலுக்குத்தான் கனம். அந்த வீச்சைப் பற்றிச் சென்ற வாரமே எழுதியாயிற்று.

வீச்சைவிடக் கடினமானது, பூச்சி தண்ணீரில் விழுந்த பிறகு தொடங்குகிறது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம்வைத்து, ஒரு கல்லின் மறைவில், வேகம் தணிந்த இடத்தில் நிற்கும். பக்கத்து வேகத் தண்ணீர் அதற்கு இரை கொண்டுவரும். இரண்டு ஓட்டங்களும் உரசும் இடம் நீரின் மேல் ஒரு கோடாகத் தெரியும். பூச்சி விழ வேண்டியது அங்கேதான். ஆனால் நமக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே ஓடும் தண்ணீர் நூலை அடித்துக்கொண்டு போகும். நூல் வளைந்து, பூச்சி தண்ணீரைக் கீறிக்கொண்டு இழுபடும். ஓட்டத்தோடு மிதந்துவரும் பூச்சி அப்படிக் கோடு கிழிக்காது; மீன் திரும்பியும் பார்க்காது.

“நூலைத் தூக்கி மேலாப்ல போடு! மேலாப்லடா!” என்று கத்திக்கொண்டே இருந்தான். நூலின் நடுப்பகுதியை மட்டும் கோல்நுனியால் தூக்கி ஓட்டத்துக்கு எதிராகப் புரட்டிப் போட்டால், பூச்சி இரண்டு மூன்று விநாடி தன் போக்கில் மிதக்கும். அத்தனை பாடும் அந்த விநாடிகளுக்காகத்தான்.

அப்படி ஒரு மிதப்பில்தான் மூக்கு ஒன்று மேலே வந்து பூச்சியை உறிஞ்சிக்கொண்டது. பிரவுன் ட்ரவுட். நண்பன் வலையை நீட்டியபடியே, “கையை நனைச்சுக்கோ” என்றான். காய்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழவழப்பு உரிந்துபோகும். நோய்க்கிருமி அண்டாமல் அதைக் காப்பது அந்தப் படலம். மஞ்சள் வயிறு, விலாவில் கரும்புள்ளிகள், நடுநடுவே வெளிர்வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள். முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால் ஒரு திருகில் கழன்றது. தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே, ஓட்டத்தைப் பார்த்தபடி பிடித்திருந்தேன். செவுள் சீராக அசைந்ததும் கையை விட்டு நழுவிப் போனது.

சாப்பிடாமல் விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இந்த ஆற்றில் உள்ளவை ஆற்றிலேயே பிறந்து வளரும் மீன்கள். ஒருகாலத்தில் இங்கும் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மாநில மீன்வள உயிரியலாளர் டிக் வின்சென்ட் மேடிசனில் ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்து, குஞ்சு விடுவதை நிறுத்திய பகுதிகளில் காட்டு மீன்கள் பெருகுவதைக் காட்டினார். பண்ணை மீன்களின் நெருக்கடிதான் அவற்றை ஒடுக்கியிருந்தது. ட்ரவுட் தானாகப் பெருகக்கூடிய ஆறுகளில் குஞ்சு விடுவதை மான்டானா 1974-ல் கைவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பாத ஆற்றில், இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அதே சமயம், விட்டுவிட்டோம் என்பதாலேயே மீன் பிழைத்துவிட்டது என்று நினைப்பதும் சரியல்ல. போராடிக் களைத்த மீனுக்கு மூச்சு வேண்டும். அங்கேதான் தண்ணீரின் சூடு வருகிறது.

கடல் மட்டத்தில், 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம்தான். மலை ஏற ஏற இன்னும் குறையும். சூடு கூடும்போது மீனின் உடலுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது, தண்ணீரிலோ குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டிலுக்குத் தடை போடுகிறது மாநிலம். நம் ஊரில் 23 டிகிரியைக் குளிர்ந்த தண்ணீர் என்போம். ட்ரவுட்டுக்கு அது உயிராபத்தின் வாசல். என்னிஸ் ஊரைத் தாண்டி ஆறு புகும் என்னிஸ் ஏரி ஆழமில்லாதது, வெயிலில் சீக்கிரம் சுடும். அதற்குக் கீழே உள்ள மேடிசன் கோடையில் இந்தத் தடைக்கு ஆளாவது வழக்கம்.

நாங்கள் நின்ற மேல்பகுதியில் அன்று தடை இல்லை. ஆனாலும் நண்பன் அவ்வப்போது வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். உச்சிவெயிலில் அது 19-ஐத் தாண்டியதும் நூலைச் சுருட்டத் தொடங்கினான். எனக்கு முன்னால் ஒரு பெரிய மீன் கல்லோரத்தில் எழும்பிக்கொண்டிருந்தது.

“சட்டம் இன்னும் விடுதேடா,” என்றேன்.

“சட்டம் சொல்றது, அதுக்கு மேல போகக் கூடாதுன்னு. அதுவரைக்கும் போகணும்னு இல்ல.”

அவன் சொன்னதுதான் சரி. தடை வரும் நேரத்துக்குள் மீன் ஏற்கெனவே நாள்கணக்கில் தவித்திருக்கும். அந்தப் பெரிய மீனை விட்டுவிட்டுக் கரையேறினோம்.

ஜீப்புக்குப் போகும் வழியில்தான் அவன் கட்த்ரோட் பற்றிச் சொன்னான். பிரவுன் ட்ரவுட்டும் ரெயின்போ ட்ரவுட்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவை. இந்த மண்ணின் சொந்த ட்ரவுட், தாடைக்கடியில் செங்கீற்று உள்ள கட்த்ரோட். ரெயின்போவோடு கலந்து கலந்து அதன் தூய வம்சம் மலையுச்சியின் குளிர்ந்த ஓடைகளில் ஒதுங்கிவிட்டது. அப்படி ஓர் ஓடைக்கு மறுநாள் காலை நடந்தே ஏறினோம். அது அடுத்த வாரம்.