மன்றம் இல்லாத ரசிகைகள்

1964 தீபாவளிக்கு, நவம்பர் 3 அன்று, எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’யும் சிவாஜியின் ‘நவராத்திரி’யும் ஒரே நாளில் வெளியாயின. கடற்கரைக் குப்பங்களில் ஆண்கள் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். படகும் துடுப்புமாகத் தங்கள் பிழைப்பையே திரையில் காட்டிய மனுஷனை விட்டுவிட்டு வேறு யார் படத்துக்குப் போவார்கள்? அந்த மவுசு 1977-இல் ‘மீனவ நண்பன்’ வந்தபோதும் குறையவில்லை, ஓட்டுப் பெட்டி வரைக்கும் போனது. இந்தக் கதையை நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. ‘நவராத்திரி’க்குப் போனவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. சிவாஜி ஒன்பது வேஷம் கட்டியிருக்கிறாராம், பார்த்துவிட்டு வருகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதன் கதாநாயகி சாவித்திரியைப் பார்க்கப் போன பெண்கள் அவர்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிறது கோட்டைக்குப்பம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும் அவர்களுடைய பழைய கல்லறைகளும் பக்கத்தில்தான். ஏரியில் வலை போட முறை வைத்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கத்தில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் மூன்றுக்கும் தலைமுறை தலைமுறையாக உரிமை உண்டு. பாடு வந்த நாளில் ஆண்கள் தொழிலுக்குப் போவார்கள். பிடித்து வந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் விற்பது பெண்கள். அதனால் அன்றாடக் காசு பெண்ணின் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. உள்நாட்டு ஊர்களில் ஒரு பெண் சினிமாவுக்குப் போக வேண்டுமென்றால் யாரிடமாவது கையேந்த வேண்டியிருந்த காலத்தில், மீன் விற்கிறவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தரை டிக்கெட்டை அவளே வாங்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்து வாங்குவாள்.

டூரிங் கொட்டகையில் கூரை கீற்று, தரை மணல். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இடுப்பளவுத் தடுப்பு. ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள்; யார் யார் மூக்கைச் சிந்துகிறார்கள் என்பது அப்போது தெரிந்துபோகும். பட்டணத்தில் வெளியான படம் கொட்டகைக்கு வந்து சேர மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷங்கள். எனவே எது புதுசு, எது பழசு என்ற கணக்கே கிடையாது. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ 1961 மே மாதம் வந்தது. அது எந்த வருஷம் வந்து எத்தனை முறை ஓடினாலும் தடுப்புக்கு இந்தப் பக்கம் முந்தானைகள் நனைந்தன. அண்ணனும் தங்கை சாவித்திரியும் கைகோத்தபடி உயிர்விடும் அந்தக் கடைசிக் காட்சியைக் கடலுக்குப் போகும் அண்ணனை வைத்திருக்கிற ஒருத்தி வெறும் சினிமாவாகப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் சாவித்திரி என்றால் அழுகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்.வி.பிரசாத்தின் ‘மிஸ்ஸியம்மா’ 1955-இல் வந்த நகைச்சுவைப் படம். பானுமதி நடிக்க வேண்டிய வேடம் அது. தயாரிப்பாளரோடு ஒத்துவராமல் அவர் விலக, அதே படத்தில் சின்ன வேடத்துக்கு ஒப்பந்தமாகியிருந்த சாவித்திரிக்குக் கிடைத்தது. மேரி என்ற கிறித்தவப் பெண், வேலை கிடைக்க வேண்டி யாரோ ஒருவனுக்குப் பெண்டாட்டி என்று பொய் சொல்லி ஒரு இந்துக் குடும்பத்தில் தங்குகிறாள். பொட்டு வை என்றால் முகம் கடுகடுக்கிறது. மகிமை மாதா கோயிலும் அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் பழவேற்காட்டில் இந்தச் சிக்கலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மரியன்னையை அழைத்து மேரி பாடும் பாட்டுக்கு அம்மன் கோயில் தெருக்காரிகளும் உருகினார்கள் என்றால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

‘நவராத்திரி’க்கு வருவோம். ஏ.பி.நாகராஜன் படம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டை விட்டு ஓடும் நளினா, ஒன்பது இரவுகளில் ஒன்பது ஆண்களைச் சந்திக்கிறாள். ஒன்பதும் சிவாஜி. படம் வந்த நாள் முதல் இன்று வரை பேச்செல்லாம் அந்த ஒன்பதைப் பற்றியே. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒன்பது பேருக்கும் எதிரே நின்றவள் ஒருத்தி. ஒவ்வொருவரிடமும் பயம் வேறு, இரக்கம் வேறு, எச்சரிக்கை வேறு. வேஷத்தையும் ஒட்டுத்தாடியையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் அத்தனையையும் அந்த ஒரே முகத்தில் காட்டினார் சாவித்திரி. மனநல மருத்துவமனையில் பைத்தியம்போல் பாவனை செய்யும் பெண்ணாக நடிக்க வேண்டும். பாவனை என்பது நமக்குத் தெரிய வேண்டும், படத்தில் சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது. இதற்குமேல் தெருக்கூத்துக் காட்சி வேறு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த ஜனங்கள். அடவு தப்பினால் சிரித்துவிடுவார்கள். கூத்து மேடையில் சிவாஜிக்கு ஈடுகொடுத்து அவர் சுற்றி வந்ததை அந்தக் கண்கள் குறை சொல்லவில்லை.

இவ்வளவு ரசித்தவர்களுக்கு மன்றம் இருந்ததா? இல்லை. ரசிகர் மன்றம் ஆண்கள் சமாசாரம். கீற்றுக்கொட்டகை, பெயர்ப்பலகை, கொடி, படம் வெளியாகும் நாளில் தோரணம், தேர்தல் வந்தால் ஊர்வலம் எல்லாம் கதாநாயகனுக்கே. பின்னாளில் திருச்சியில் குஷ்புவுக்குக் கோயில் கட்டியதை நாடே பேசியது. அது வேறு வகை ஆராதனை. சாவித்திரியை நேசித்தவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதவில்லை, சந்தா கட்டவில்லை. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கத்தரித்து டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார்கள். அவர் தலை வாரியதுபோல் வாரிக்கொண்டார்கள். பெண் பிறந்தால் சாவித்திரி என்று பெயர் வைத்தார்கள். எமனிடம் வாதாடிய சாவித்திரிக்காகவா, இந்தச் சாவித்திரிக்காகவா என்று மாமியார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அவருடைய சொந்த வாழ்க்கை அவர்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஜெமினி கணேசனோடு நடந்த கல்யாணம் ஒரு சோப்பு விளம்பரத்தில் போட்ட கையெழுத்தால் வெளியே வந்த கதையும் சண்டை சச்சரவுகளும் ‘பேசும் படம்’ போன்ற பத்திரிகைகளில் அடிபட்டன; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி வழியாக மற்றவர்களுக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் அது திண்ணைப் பேச்சோடு முடியும். கொட்டகையில் விளக்கு அணைந்தால் நளினாவோ மேரியோதான் இருப்பாள்.

1981 டிசம்பர் 26 அன்று, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நினைவு திரும்பாமல் கிடந்து, அவர் இறந்தார். 1975-லேயே சென்னைக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. அதன்பின் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. திருவிழா ராத்திரியில் வாடகை டெக், பிறகு கேபிள், பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டி.வி. இவையெல்லாம் சாவித்திரியை வீட்டுக்கே கொண்டுவந்தன. கூடவே அழுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாமலும் ஆக்கின.

இன்றைய காட்சியைக் கோட்டைக்குப்பத்தில் பார்த்தேன். ஏரிக்கரை நிழலில் நாலைந்து பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். இறால் வரத்தே முன்போல் இல்லை, முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து ஏரி பாழாகிறது என்ற புலம்பலுக்கு நடுவே, பாலிதீன் உறையில் போட்டுக் கம்பத்தில் தொங்கவிட்ட செல்போனில் சுசீலா பாடிக்கொண்டிருந்தார், சாவித்திரி வாயசைத்துக்கொண்டிருந்தார். கைகளில் இறால் ஓடும் தண்ணீரும். போனைத் தொட முடியாது. பாட்டு முடிந்ததும் அது தானாகவே அடுத்ததற்குத் தாவியது: சாவித்திரியின் கடைசி நாட்கள். சோக வயலின், நடுங்கும் குரலில் ஒருவர், குடி, கடன், கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு படம். அது முடிந்ததும் அதே மாதிரி இன்னொன்று. தான் விரும்பிய பாட்டுக்கு ஒரு தடவை விரல் வைத்தவள், அடுத்த அரைமணி நேரம் வேண்டாத சாவுச் சேதியைக் கேட்டாக வேண்டும்.

இதுதான் பெரிய மாற்றம் என்று எனக்குப் படுகிறது. அன்று நடிப்பைத் தெரிந்து வாழ்க்கையைத் தெரியாமல் இருந்தார்கள். இன்று இருபது வயதுப் பெண்ணுக்கு அவர் எப்படிச் செத்தார் என்பது தெரியும், ‘நவராத்திரி’ தெரியாது. சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லி 2018 மே மாதம் வந்த நாக் அஸ்வினின் ‘நடிகையர் திலகம்’ நல்ல படம். கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது தகும். அந்தப் படம் இல்லையென்றால் புதுத்தலைமுறை இந்தப் பெயரையே கேட்டிருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் பல பேருக்கு இப்போது சாவித்திரியின் முகம் கீர்த்தியின் முகம்தான். 1968-லேயே தெலுங்கில் ஒரு படத்தை இயக்கிய பெண், 1971-இல் ‘பிராப்தம்’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட தயாரிப்பாளர், இந்தியா-பாகிஸ்தான் போர் நேரத்தில் போட்டிருந்த நகைகளைக் கழற்றிப் பிரதமர் சாஸ்திரியிடம் கொடுத்தவர் என்பதெல்லாம் ‘ஐயோ பாவம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. 2011-இல் தபால்தலை வெளியிட்ட அரசாங்கம் பரவாயில்லை. அதுவாவது சிரித்த முகத்தைப் போட்டது.

அன்றைக்குக் கம்பத்தில் தொங்கிய போனைப் பார்த்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்.

“ஏய், அதை நிறுத்துடி. ‘மாயா பஜார்’ போடு.”

“அழற சீன் இருக்கா ஆயா?” என்றாள் பேத்தி.

“சிரிக்கற சீன். கடோத்கஜன் வத்சலாவா மாறி வருவான் பாரு.”

1957 படம். எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜன், கல்யாணத்தைக் கெடுக்க மணப்பெண் உருவில் வருகிறான். அதாவது சாவித்திரி, ரங்காராவ் உள்ளே புகுந்துகொண்ட சாவித்திரியாக நடிக்க வேண்டும். ஆள் இருந்தால் நாணிக் கோணும் மணப்பெண். ஆள் நகர்ந்தால் தொடையைத் தட்டும் ராட்சசன். தோள் அகலமாகிறது, நடை மாறுகிறது, கண் உருள்கிறது. மறுநொடி முந்தானையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பெண். பேத்தி இறாலைப் போட்டுவிட்டு எழுந்து போன் அருகில் போய் நின்றுவிட்டாள். “இன்னொரு தடவ” என்று அவளே மூக்கு நுனியால் பின்னுக்குத் தள்ளப் பார்த்தாள். அதே படத்து நிலா வெளிச்சப் படகுப் பாட்டையும் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி விளக்கைக் கொண்டே உண்டாக்கிய நிலவு. “படகு கொஞ்சங்கூட ஆடல பாரு” என்று குறை கண்டுபிடித்த ஒருத்தியை மற்றவர்கள் அடக்கினார்கள்.

அதற்குள் சண்டை வந்துவிட்டது. போனில் ஓடியது தெலுங்குப் பிரதி. ஏரியின் வடபக்கம் ஆந்திரம். அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள் இங்கே உண்டு. “சாவித்திரி குண்டூர்ப் பக்கத்துப் பொண்ணு, எங்க ஊர்க்காரி. அவ பேரு சசிரேகா” என்றாள் ஒருத்தி. “எங்களுக்கு வத்சலா” என்றாள் கிழவி. தெலுங்கில் அபிமன்யுவாக வரும் நாகேஸ்வர ராவ் மேலா, தமிழில் வரும் ஜெமினி மேலா என்று பேச்சு திரும்பியது. இறால் வாங்க வந்த வியாபாரி எடை போடத் தராசோடு நின்றுகொண்டிருந்தார். அவர் எம்.ஜி.ஆர். கட்சி. சாவித்திரி தலைவரோடும் நடிச்சிருக்கு, ‘மகாதேவி’, ‘பரிசு’, ‘வேட்டைக்காரன்’ என்று விரல்விட்டுச் சொன்னார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.